குரூப் எப்போ தூங்குது? – வாசகர் கேள்வி பதில்

ஆன்லைன்ல ஒரு கூட்டம் எந்த நேரத்துல கலகலன்னு இருக்கு, எந்த நேரத்துல அடங்கிப் போகுதுன்னு குறிச்சு வச்சுப் பாருங்கன்னு போன இதழ்ல போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அதுக்கு வந்த கேள்வியே ஒரு இதழுக்குத் தேறும் போல, அதனால இந்தத் தடவை முழுக்க அதுதான். லேப்டாப் சூடாகுது, பிரின்டர் மக்கர் பண்ணுதுன்னு கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: சார், குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிற பசங்களுக்காக டெலிகிராம்ல ஒரு குரூப் நடத்துறேன். தினமும் ஒரு க்விஸ் போடணும், எந்த நேரம் போட்டா நிறைய பேர் கண்ணுல படும்? மெசேஜ் வந்த நேரத்தையெல்லாம் எக்செல்ல போட்டு ஆவரேஜ் எடுத்தேன், மதியம் 2 மணின்னு வருது. ஆனா 2 மணிக்கு குரூப்ல ஈ காக்கா இல்ல. – திருச்சி வாசகர்

பதில்: எக்செல் தப்பு பண்ணல தம்பி, ஆவரேஜ்ங்கிற சாமான் இந்த வேலைக்கு ஆகாது. உங்க பசங்க எப்படியும் விடியக்காலை 6 மணி வாக்குல ஒரு செட்டு, வேலை முடிச்சு சாப்பிட்டு ராத்திரி 10 மணிக்கு ஒரு செட்டுன்னுதான் வருவாங்க, 6-ஐயும் 22-ஐயும் கூட்டி ரெண்டால வகுத்தா 14, அதுதான் நீங்க பாத்த மதியம் 2 மணி. அந்த நேரத்துல யாருமே இல்லாததால இல்ல, எல்லாரும் அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கறதாலதான் அந்த நம்பர் வருது. இன்னும் மோசமா வேணும்னா ராத்திரி 11 மணிக்கு ஒரு மெசேஜ், 1 மணிக்கு ஒரு மெசேஜ் எடுத்துக்கோங்க, 23-ம் 1-ம் கூட்டி வகுத்தா 12, அதாவது நட்ட நடு மதியம்! கடிகாரம் வட்டம், எக்செல் அத நேர்கோடா நினைச்சு கணக்கு போடுது, அவ்ளோதான் விஷயம்.

அதனால ஆவரேஜ தூக்கிப் போட்டுட்டு 24 பெட்டி போடுங்க, மணிக்கு ஒரு பெட்டி, எந்தப் பெட்டில எத்தனை விழுதுன்னு எண்ணுங்க. ஆனா மெசேஜ எண்ணாதீங்க, ஆள எண்ணுங்க. நம்ம குரூப்ல எல்லாம் ரெண்டு பேர் நடுராத்திரி உக்காந்து ஒரு வினாவுக்கு விடை 'பி'யா 'சி'யான்னு நாப்பது மெசேஜ் அடிச்சுக்குவாங்க, அந்தப் பெட்டி மட்டும் தென்னை மரம் மாதிரி நிக்கும், நீங்க ஊரே முழிச்சிருக்குன்னு நினைச்சுப்பீங்க. அந்த ஒரு மணி நேரத்துல வந்த வேற வேற ஆளுங்க எத்தனை பேர், அதுதான் வேணும். வாரநாள் தனி, சனி ஞாயிறு தனி. தீபாவளி, பொங்கல், இந்தியா மேட்ச் இருக்கற நாள், ரிசல்ட் வந்த நாள் இதெல்லாம் எடுத்து ஓரமா வைங்க, இல்லன்னா ஒரே ஒரு ஹால் டிக்கெட் வந்த நாள் மொத்தப் படத்தையும் கெடுத்துடும்.

டேட்டா எடுக்கறது டெலிகிராம்ல சுலபம், கம்ப்யூட்டர்ல போடற டெலிகிராம் டெஸ்க்டாப்ல அந்த குரூப்பத் திறந்து எக்ஸ்போர்ட் சாட் ஹிஸ்டரி குடுத்தீங்கன்னா ஜேசன் (JSON) ஃபைலா வாங்கிக்கலாம், அதுல ஒவ்வொரு மெசேஜுக்கும் நேரம் ரெண்டு விதமா இருக்கும், ஒண்ணு நம்ம ஊர் நேரம், இன்னொண்ணு 1970 ஜனவரி 1-லேருந்து எத்தனை செகண்டு ஆச்சுங்கிற நீள நம்பர். பெரிய குரூப்பா இருந்தா இவ்ளோ கஷ்டம்கூட வேணாம், அட்மினுக்கு டெலிகிராமே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் காட்டுது, அதுல எந்த மணில கூட்டம், எந்தக் கிழமைல கூட்டம்னு ரெண்டு படம் இருக்கு.

இப்போ க்விஸ் எப்போ போடறது? எல்லாரும் சொல்றது உச்சத்துல போடுங்கன்னு. நான் அப்படி சொல்லமாட்டேன். உச்சத்துல போட்டா உங்க க்விஸ் அஞ்சே நிமிஷத்துல மேல தள்ளிப் போயிடும், அவங்கவங்க பேச்சு அதுமேல ஏறிடும். படத்துல பள்ளம் எங்க முடிஞ்சு கோடு ஏற ஆரம்பிக்குதுன்னு பாருங்க, ஏற்றம் தொடங்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி போடுங்க, உள்ள வர்றவன் கண்ணுல அதுதான் முதல்ல படும். இன்னொரு விஷயம், நீங்க தினமும் 9 மணிக்கு க்விஸ் போட ஆரம்பிச்சீங்கன்னா ஒரு மாசம் கழிச்சு எண்ணிப் பாத்தா 9 மணி பெட்டிதான் உசரமா நிக்கும், பாத்தியா நான் சொன்னது கரெக்ட்டுன்னு காலர தூக்கி விட்டுக்காதீங்க, அந்தக் கூட்டத்தக் கூட்டினதே நீங்கதான். க்விஸுக்கு வந்த பதில கழிச்சுட்டு எண்ணணும்.

கேள்வி: வணக்கம். எங்க தையல் யூனிட்ல வேலை செய்யற பொம்பளைங்களுக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கு, நீங்க சொன்ன மாதிரி எக்ஸ்போர்ட் பண்ணி எக்செல்ல போட்டேன். பாதித் தேதி பெட்டிக்கு இடது பக்கம் ஒட்டிக்கிட்டு நிக்குது, பாதி வலது பக்கம் நிக்குது. என்ன பண்றது? – கோவில்பட்டி வாசகி

பதில்: நல்லாக் கவனிச்சிருக்கீங்கம்மா, நிறைய பேர் இதப் பாக்காமலே படம் வரைஞ்சுட்டுப் போயிடறாங்க. வலது பக்கம் நிக்கறத எக்செல் தேதின்னு ஏத்துக்கிச்சு, இடது பக்கம் நிக்கறத வெறும் எழுத்துன்னு ஒதுக்கிடுச்சு. காரணம் என்னன்னா, வாட்ஸ்அப் ஃபைல்ல ஒவ்வொரு மெசேஜும் முதல்ல தேதி, ஒரு கமா, அப்புறம் நேரம், ஒரு சின்னக் கோடு, பேரு, அப்புறம் விஷயம்னு ஆரம்பிக்கும், அந்தத் தேதி நம்ம வழக்கப்படி நாள் முன்னாடி மாசம் பின்னாடி. உங்க கம்ப்யூட்டர் அமெரிக்கா செட்டிங்குல இருக்கு, அது மாசத்த முதல்ல தேடுது. 25/03 வந்தா 25-ங்கிற மாசமே கிடையாதுன்னு எழுத்தா விட்டுடும், அது பரவால்ல, நமக்குத் தெரிஞ்சுடும். 04/03 வந்தா சத்தமில்லாம ஏப்ரல் 3-ன்னு எடுத்துக்கும், அதுதான் ஆபத்து. கிழமை வாரியா எண்ணுறப்போ செவ்வாய்க்கிழமை மெசேஜ் எல்லாம் எங்கயோ போய் உக்காந்துக்கும். கம்ப்யூட்டரோட ரீஜன் செட்டிங்க இந்தியாவுக்கு மாத்திட்டு ஃபைல திரும்ப உள்ள கொண்டு வாங்க. எக்ஸ்போர்ட் பண்றப்போ மீடியா இல்லாமன்னு குடுங்க, மீடியாவோட எடுத்தா பழைய மெசேஜ் நிறைய விட்டுப்போகும். அப்புறம் ஒரு மெசேஜ்ல ரெண்டு மூணு வரி இருந்தா ரெண்டாவது வரில நேரம் இருக்காது, அத எல்லாம் தனி மெசேஜா எண்ணிடாதீங்க. இன்னொண்ணும்மா, எண்ணி முடிச்சதும் எக்செல்ல பேரு இருக்கற நெடுவரிசைய அழிச்சுடுங்க, அது ஓனர் கைக்குப் போனா யார் வேலை நேரத்துல போன் நோண்டினாங்கங்கிற கதையா மாறிடும்.

கேள்வி: எங்க அபார்ட்மென்ட் குரூப்ல காலைல பூ படம் போட்டு குட் மார்னிங் சொல்ற அதே மனுஷங்கதான் ராத்திரி பார்க்கிங்குக்கு சண்டை போடறாங்க. ராத்திரி ஆனா ஜனங்களுக்குக் கோவம் ஜாஸ்தி ஆகுமா? – மடிப்பாக்கம் வாசகர்

பதில்: உங்க குரூப்ப வச்சு உலகத்த எடை போடாதீங்க, ஆனா கேள்வி நல்ல கேள்வி, இத நிஜமாவே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. அமெரிக்கால கார்னெல் பல்கலைக்கழகத்துல ஸ்காட் கோல்டர், மைக்கேல் மேசின்னு ரெண்டு பேர், 84 நாட்டுலேருந்து 24 லட்சம் பேர் போட்ட 50 கோடிக்கும் மேல ட்வீட்ட எடுத்து, எந்த மணில எந்த மாதிரி வார்த்தை வருதுன்னு பாத்தாங்க, 2011-ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு. சந்தோஷமான வார்த்தைங்க காலைல உச்சம், பகல் போகப் போக இறங்குது, ராத்திரி திரும்ப ஏறுது. சனி ஞாயிறும் அதே வளைவுதான், ஆனா காலை உச்சம் மட்டும் ஒரு ரெண்டு மணி நேரம் தள்ளிப் போகுது, லீவு நாள்ல லேட்டா எழுந்திரிக்கிறாங்கல்ல. இதுல எனக்குப் புடிச்சது துபாய் பக்கம்தான், அப்போ அங்க லீவு வெள்ளி சனி, அங்க பாத்தா அந்த ரெண்டு மணி நேரத் தள்ளல் வெள்ளி சனிக்கிழமைலதான் இருக்கு. பாத்தது இங்கிலீஷ் ட்வீட்டு மட்டும், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

சந்தோஷ வார்த்தை ராத்திரி திரும்ப ஏறுதுன்னா, உங்க குரூப்ல அப்போ சண்டை ஏன் வருது? உங்க குரூப்ல ராத்திரி 9 மணிக்குத்தான் எல்லாரும் இருக்காங்க, காரும் அப்போதான் உள்ள வருது, 100 மெசேஜ்ல 5 சண்டைன்னா கண்ணுக்குத் தெரியும், காலைல 20 மெசேஜ்ல 1 சண்டைன்னா தெரியாது, கணக்கு பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். எத்தனை சண்டைங்கிறது வேற, எத்தனைக்கு எத்தனை சண்டைங்கிறது வேற. இது புரியாமத்தான் டிவி விவாதத்துல பாதிப் பேர் கத்திக்கிட்டு இருக்காங்க.

கேள்வி: அண்ணை, எங்கட ஊர்ச் சங்கத்தின்ர ஆக்கள் ரொறன்ரோ, லண்டன், சூரிச், யாழ்ப்பாணம் எண்டு சிதறிக் கிடக்கினம். 1999-ல இருந்து போட்ட ஈமெயில் எல்லாம் ஒராள் சேர்த்து வைச்சிருக்கிறார். எந்த நேரம் எந்த ஊர் ஆக்கள் கதைக்கினம் எண்டு படம் கீறிப் பாத்தம், யாழ்ப்பாணத்து ஆக்களின்ர நேரம் முதல் சில வருசத்துக்கு அரை மணித்தியாலம் பிசகுது. என்ன விளையாட்டு இது? – ஸ்காபரோவில இருந்து ஒரு வாசகர்

பதில்: அண்ணே, பிசகு உங்க படத்துல இல்ல, கொழும்பு கடிகாரத்துல. இலங்கைல 1996-ல கரண்ட் தட்டுப்பாடு வந்தப்போ வெளிச்சத்த மிச்சம் பண்ணலாம்னு மே மாசம் கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளினாங்க, யுடிசிங்கிற உலகப் பொது நேரத்தோட ஆறரை மணி கூட்டணும்னு ஆச்சு, அது ரொம்ப ஜாஸ்தின்னு அக்டோபர்ல அரை மணி குறைச்சு ஆறாக்கினாங்க, அப்படியே பத்து வருஷம் ஓடிச்சு, 2006 ஏப்ரல்ல புத்தாண்டு ஒட்டித்தான் திரும்ப அஞ்சரைக்கு வந்தாங்க. நீங்க எல்லா வருஷத்துக்கும் அஞ்சரைன்னு கூட்டியிருப்பீங்க, அந்த அரை மணிதான் இது. இதுல இன்னொரு முடிச்சும் இருக்கு, புலிகள் கட்டுப்பாட்டுல இருந்த பகுதில இந்த மாத்தத்த ஏத்துக்கல, பழைய நேரமே ஓடிச்சு, அதனால அந்தக் காலத்துல யாழ்ப்பாணத்துல ஒரு மணி, வன்னில ஒரு மணி. உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

செய்ய வேண்டியது என்னன்னா, பழைய ஈமெயில் ஒண்ணத் திறந்து மேல இருக்கற மறைவுத் தலைப்பு முழுசையும் காட்டச் சொல்லுங்க, தேதி வரி கடைசில +0600-ன்னோ -0500-ன்னோ ஒரு வால் இருக்கும். அந்த வால வச்சு முதல்ல எல்லாத்தையும் யுடிசிக்கு மாத்துங்க, அப்புறம் அங்கேருந்து அவங்கவங்க ஊர் நேரத்துக்கு. மாத்தறப்போ நீங்களா மணி கூட்டாதீங்க, ஏசியா/கொழும்பு, அமெரிக்கா/டொராண்டோன்னு, கண்டம் முதல்ல வச்சு ஊர் பேர் குடுத்தா எந்த வருஷம் எவ்ளோன்னு கம்ப்யூட்டருக்கே தெரியும், அந்தப் பட்டியல ஒரு கூட்டம் பல வருஷமா உக்காந்து பராமரிச்சுக்கிட்டு வருது, இந்த 1996 கதையும் அதுல இருக்கு.

அந்த நாலு ஊருக்கும் பொதுவா ஒரு நேரம் கேட்டா யாழ்ப்பாணத்துல ராத்திரி 8 மணின்னு வைங்க, டொராண்டோல குளிர்காலத்துல காலை 9.30, கோடைல 10.30, லண்டன்ல மதியம் 2.30, கோடைல 3.30. ஆனா கனடாக்காரங்க மார்ச் ரெண்டாவது ஞாயிறே கடிகாரத்த மாத்திடுவாங்க, லண்டன் சூரிச்சுல கடைசி ஞாயிறுதான், நடுவுல ரெண்டு மூணு வாரம் மீட்டிங்குக்கு யாராவது ஒருத்தர் லேட்டா வந்து நிப்பாங்க. அந்த வாரங்கள படத்துல தனியா குறிச்சு வைங்க.

நாலு ஊரையும் ஒரே கோடா கீறாதீங்க. ஒரு ஊர் தூங்குறப்போ இன்னொரு ஊர் முழிச்சிருக்கும், மொத்தத்துல பள்ளமே இல்லாம தட்டையா வரும், அதப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. இந்தத் தட்டைய வச்சே ஒரு வேலை பண்ணியிருக்காங்க, தாஹா யாஸ்ஸேரி, ராபர்ட் சூமி, யானோஷ் கெர்ட்டேஸ்னு மூணு பேர், 34 மொழி விக்கிபீடியால யார் எப்போ எடிட் பண்ணாங்கன்னு எடுத்துப் பாத்தாங்க, 2012-ல வந்துச்சு. பெரும்பாலும் ஒரே நேர வட்டாரத்துல பேசற மொழிங்க எல்லாத்துக்கும் வளைவு கிட்டத்தட்ட ஒரே மாதிரி, விடியக்காலை அடிமட்டம், மதியத்துக்கு மேலேருந்து ராத்திரி வரைக்கும் உச்சம். இங்கிலீஷ் தட்டையா வந்துச்சு. அப்போ இது பல ஊர் வளைவு ஒண்ணுமேல ஒண்ணு படிஞ்சதுதானேன்னு அதப் பிரிச்செடுத்து, இங்கிலீஷ் விக்கிபீடியால வட அமெரிக்காக்காரங்க பங்கு பாதிக்குக் கொஞ்சம் மேலதான்னு கணக்கு சொன்னாங்க. யாரையும் நீ எந்த ஊருன்னு கேக்கவே இல்ல!

கேள்வி: அப்போ ஒருத்தன் மெசேஜ் போடற நேரத்த வச்சு அவன் எந்த நாட்டுல இருக்கான்னு கண்டுபிடிச்சிடலாமா? – ராமநாதபுரம் வாசகர்

பதில்: கூட்டத்துக்குச் சொல்லலாம், தனி ஆளுக்குச் சொன்னா மாட்டிப்பீங்க. இதுக்கு பேர் போன கேஸ் சதோஷி நகமோட்டோ, பிட்காயின கொண்டு வந்த ஆளு, ஆளா ஆளுங்களான்னே யாருக்கும் தெரியாது. 2010 டிசம்பர் வரைக்கும் பிட்காயின் பத்தி மத்தவங்களோட பொதுவுல பேசினதே 500 பதிவுக்கு மேல இருக்கு. ஸ்டீஃபன் தாமஸ்னு ஒரு சுவிட்சர்லாந்து இன்ஜினியர் அது அத்தனையும் மணிவாரியா அடுக்கிப் பாத்தார், கிரீன்விச் நேரம் காலை 5-லேருந்து 11 வரைக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல, சனி ஞாயிறுலயும் அதே ஓட்டை. அப்போ அதுதான் தூங்கற நேரம். அவர் இருக்கறதா சொன்னது ஜப்பான், அங்க அது மதியம் 2-லேருந்து ராத்திரி 8 வரைக்கும், அந்த நேரத்துல தினமும் தூங்கறவன் எவன் இருக்கான்? உடனே ஆளு அமெரிக்கா கிழக்குக் கரைதான்னாங்க, நியூயார்க்ல குளிர்காலத்துல அது நடுராத்திரி 12-லேருந்து காலை 6. பொருந்துதா, பொருந்துது. ஆனா லண்டன்ல விடிய விடிய முழிச்சு வேலை பாத்துட்டு 5 மணிக்குப் படுக்கற ஆளுக்கும் அச்சு அசலா இதே படம்தானே வரும்? நம்ம ஐடி பசங்கள்ல நைட் ஷிப்ட் பாக்கறவங்களோட நேரத்த எடுத்து வைங்க, அத்தனை பேரையும் அமெரிக்கான்னு சொல்லிடும். பள்ளம் ஒருத்தர் எப்போ தூங்கறார்னு சொல்லும், எங்க தூங்கறார்னு சொல்லாது. ஆனா ஜப்பான் கதைல சந்தேகம் கிளப்ப அந்தப் பள்ளம் போதும், அதையும் மறுக்கல.

கேள்வி: என் பொண்ணு சென்னைல ஹாஸ்டல்ல தங்கி காலேஜ் படிக்கிறா. ராத்திரி 2 மணிக்கெல்லாம் வாட்ஸ்அப்ல ஆன்லைன் காட்டுது. எப்போ வர்றா எப்போ போறான்னு குறிச்சு வைக்க ஒரு ஆப் இருக்குன்னு சொன்னாங்க, போடலாமா? – சேலத்துலேருந்து ஒரு அம்மா

பதில்: அந்த மாதிரி ஆப் இருக்கறது நிஜம்தாம்மா, போன் நம்பர் ஒண்ணு குடுத்தா போதும், அந்த நம்பர் ஆன்லைன்னு காட்டறதயும் காட்டாததயும் செகண்டு விடாம குறிச்சுக்கிட்டே இருக்கும். வேண்டாம்னுதான் சொல்வேன். முதல்ல, ஆன்லைன்னா வாட்ஸ்அப் திறந்திருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், அவ லேப்டாப்ல அசைன்மென்ட் பாத்துக்கிட்டு பக்கத்துல வாட்ஸ்அப்ப திறந்து வச்சிருந்தாலும் அப்படித்தான் காட்டும், யார்கூட பேசினான்னு உங்களுக்கும் தெரியாது அந்த ஆப்புக்கும் தெரியாது, தெரியாதத மனசு நிரப்பிக்கும். ரெண்டாவது, உங்க பொண்ணு எப்போ தூங்கறா எப்போ எழுந்திரிக்கறான்னு ஒரு முகம் தெரியாத கம்பெனி கிட்ட தினசரி கணக்கா போய்ச் சேருது, நீங்களே காசு கட்டி சேர்க்கறீங்க.

பேர எடுத்துட்டாலே ஆபத்து போகாதுங்கறதுக்கு ஸ்ட்ராவா கதை இருக்கு. ஓடறவங்க, சைக்கிள் ஓட்டறவங்க போடற ஆப் அது, உலகம் முழுக்க ஜனங்க எங்க ஓடறாங்கன்னு பேரில்லாம ஒரு மேப் 2017 நவம்பர்ல போட்டாங்க. 2018 ஜனவரில ஆஸ்திரேலியால ஒரு காலேஜ் பையன் பாத்து சொன்னான், பாலைவனத்துக்கு நடுவுல இருட்டா இருக்கற இடத்துல பளிச்சுன்னு சின்னச் சின்ன வட்டம் தெரியுதேன்னு. பாத்தா எல்லாம் ராணுவ முகாம், சிப்பாய்ங்க காலைல ஜாகிங் போன தடம். கூட்டத்தோட கணக்கே இப்படின்னா ஒரு தனிப் பொண்ணோட கணக்கு எங்க போய் நிக்கும்?

அவளுக்கே தெரியட்டும், 2022-லேருந்து வாட்ஸ்அப் பிரைவசி செட்டிங்குல லாஸ்ட் சீன் மட்டுமில்ல, ஆன்லைன் காட்டறதயும் மறைச்சுக்கலாம். அத மறைச்சான்னா உங்ககிட்டேருந்து எதையோ மறைக்கிறான்னு எடுத்துக்காதீங்க, முன்பின் தெரியாதவன் குறிக்கிறதயும் அதுதான் தடுக்கும். ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட்டாளான்னு கேக்க போன் பண்றப்போ "என்னடி, நைட்டெல்லாம் முழிச்சிருக்க போல, எக்ஸாமா?"ன்னு கேளுங்க, ஆப் சொல்றதவிட அதுல நிறைய தெரியும்.

கேள்வி: குரூப்ல 500 பேர் இருக்கோம், பேசறது பத்து பேர்தான். குரூப் செத்துப்போச்சா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: அதெல்லாம் இல்ல. ஜேகப் நீல்சன்னு ஒருத்தர் 2006-ல எழுதினார், ஆன்லைன்ல 100 பேர் சேர்ந்தா சுமாரா 90 பேர் சும்மா படிப்பாங்க, 9 பேர் எப்பவாவது வாய் திறப்பாங்க, ஒருத்தர்தான் ஓயாம பேசுவார்னு, அந்தக் கணக்குப்படி உங்க பத்து பேர் ரொம்ப மோசமில்ல. செத்துப்போச்சான்னு பாக்க மெசேஜ் எண்ணிக்கைய பாக்காதீங்க, அது கடைசி வரைக்கும் ஏமாத்தும், ரெண்டு பேர் பேசியே நம்பர தூக்கி வச்சிருப்பாங்க. போன மாசம் வரைக்கும் வாயே திறக்காத ஆள் யாராவது இந்த மாசம் பேசியிருக்காங்களான்னு பாருங்க. அடுத்து, ஒருத்தர் கேள்வி கேட்டா முதல் பதில் வர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாருங்க, தூங்கற நேரத்துல கேட்டத விட்டுட்டு, பகல்ல கேட்டதுக்கு மட்டும். போன வருஷம் பத்து நிமிஷத்துல வந்த பதில் இந்த வருஷம் சாயங்காலம் வருதுன்னா ஆளுங்க குரூப்ப ம்யூட்ல போட்டுட்டாங்கன்னு அர்த்தம். ஃபார்வர்டு மெசேஜ கழிச்சுட்டு எண்ணுங்க. கழிச்சா ஒண்ணுமே மிஞ்சலன்னா எனக்கு எழுதாதீங்க, அட்மினுக்கு எழுதுங்க.